கனடாவிலிருந்து வந்த எண்ணெய்

1.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மருத்துவர் எனக்குத் தொலைபேசி எடுப்பார். அவரை நான் நேரில் கண்டதில்லை. அவர் இருப்பது சிட்னியில். நான் மெல்பேர்னின் மேற்கே, வெரிபீயில். எண்ணெய் வேலை செய்கிறதா என்று கேட்பார். நித்திரை, பதற்றம், வலி, பசி, மனநிலை என்று வரிசையாகப் போவார். நானும் வரிசையாகப் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் வரிசை பிடிக்கும் என்பதால் பேச்சுச் சீக்கிரம் முடிந்துவிடும்.

போன கிழமை வந்த அழைப்பு அப்படி முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணெய் கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது. வடமராட்சிக் கரையில் பொதி பொதியாகப் பிடிபட்டுப் பத்திரிகையில் படம் வருகிறதே, அதே செடிதான். ஆனால் என்னுடைய போத்தலில் அந்தச் செடியின் ஒரு பொருள் மட்டும் இருக்கிறது. அதற்குச் சிபிடி என்று பெயர். அது வெறி தராது. வெறி தருவது டிஎச்சி என்ற இன்னொரு பொருள். இங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சிபிடியை மருந்துக் கடையில் வாங்கலாம். போட்டிகளில் ஓடுகிறவர்கள் சிபிடி எடுக்கத் தடை இல்லை. டிஎச்சிக்குத் தடை உண்டு.

நான் உணவுப் பரிசோதனை ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் இரசாயனவியலாளர். தேனில் சீனிப்பாகு கலந்திருக்கிறதா, மிளகாய்த்தூளில் சாயம் இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். போத்தலில் ஒட்டியிருப்பதைக் கடைசி வரி வரை வாசிக்காமல் எதையும் வாயில் வைக்க மாட்டேன். இது பெரிய குணம் ஒன்றுமல்ல. தொழிலால் வந்த பழக்கம்.

2.

அம்மா செத்தபோது நான்தான் ஊருக்குப் போனேன். அண்ணா போக முடியவில்லை. அவர் படகில் வந்தவர். அப்போது தற்காலிக வீசாவில் இருந்தார். அந்த வீசாவில் இலங்கைக்குப் போனால் திரும்பி வர முடியாது. நான் படிக்க வந்து, வேலை எடுத்து, நிரந்தர வதிவிடம் பெற்றவள். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேரை இந்த நாடு இரண்டு வாசலால் உள்ளே எடுத்தது. என் வாசல் விமான நிலையத்தில் இருந்தது.

நெல்லியடி வீட்டில் நான் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணா அதில் அம்மாவைப் பார்த்தார். யாரோ ஒருவர் கொஞ்சம் தள்ளிப் பிடியும் பிள்ளை, வெளிச்சம் மறைக்குது என்றார். தள்ளிப் பிடித்தேன். கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன்.

திரும்பி வந்த பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. சாப்பிட்டேன், ரயில் ஏறினேன், தேன் பரிசோதித்தேன். இரவில் மட்டும் நித்திரை இல்லை. அண்ணாதான் ஓடச் சொன்னார். அவர் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதத்துக்காகக் காத்திருந்த வருடங்களில் ஓடத் தொடங்கியவர். கடிதம் வராத நாள்களில் ஓடினால் அந்த நாளில் ஒன்று செய்தது போல இருக்கும் என்பார்.

ஓடினேன். கால் பழகியது, முழங்கால் நோகத் தொடங்கியது, நித்திரை வரவில்லை. பிறகுதான் மருத்துவர், பிறகுதான் எண்ணெய்.

அது என்ன செய்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் ஓடுகிறவர்கள். என்னளவில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

நித்திரை வந்தது.

போட்டி நாளில் ஓட்டம் தொடங்குமுன் வயிற்றைக் கலக்கும் பயம் நின்றது.

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி நினைப்பது குறைந்தது.

வேகம் கூடவில்லை, குறையவும் இல்லை.

ஓடி முடிந்ததும் மற்றவர்களுக்கு வரும் அந்த இலேசான சந்தோஷம் எனக்கு வருவதில்லை. எண்ணெய்க்கு முன்பும் அது வந்ததில்லை என்பதால் எண்ணெயில் பழி போட முடியாது.

இது பற்றி நடந்த ஆய்வுகளையும் தேடி வாசித்தேன். பெரும்பாலானவை சிறியவை. தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. நன்மை உண்டு என்று சத்தியம் செய்கிற ஓட்டக்காரர்களும் இருக்கிறார்கள், வெறும் தேங்காய் எண்ணெய் என்று சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் என் போத்தலில் அதிகம் இருப்பது தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய்தான். சிபிடியை அதில்தான் கரைக்கிறார்கள்.

3.

நான் அண்ணா வீட்டில் பின்னறையில் இருக்கிறேன். வீட்டில் அண்ணா, மச்சாள், அவர்களுடைய மகள் யாழினி. மச்சாள் முதியோர் இல்லத்தில் வேலை. அண்ணா பஸ் ஓட்டுகிறார். யாழினிக்குத் தமிழ் விளங்கும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவளுடைய அப்பா தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் வாங்கிப் பழகிவிட்டார்.

பல வருடம் கழித்து அண்ணாவுக்கு நிரந்தர வீசா வந்தது. பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். பரீட்சைக்கு யாழினிதான் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுத்தாள். நாடாளுமன்றத்தில் எத்தனை அவை என்று அவள் கேட்க, இவர் பஸ் ஓட்டுகிற மாதிரிக் கதிரையில் நிமிர்ந்து இருந்து பதில் சொல்வார். பதில் பிழைத்தால் அவள் கண்ணை மேலே உருட்டுவாள். சித்தியடைந்தார். விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. நகரசபை மண்டபத்தில் விழா வைத்து, உறுதிமொழி சொன்னால் குடியுரிமை. விழாவுக்கான திகதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிரந்தர வீசாவோடு ஊருக்குப் போகலாம் என்று சட்டத்தரணி சொன்னார். அண்ணா கேட்கவில்லை. கையில் இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இல்லாமல் கட்டுநாயக்கவில் இறங்க மாட்டேன் என்றார். அம்மாவைத் தவறவிட்டாயிற்று. அப்பா இருக்கிறார். தனியே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் கைபேசியில் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு. எப்ப வாறாய் என்று அவர் கேட்பதை நிறுத்திக் கனகாலம். அண்ணாவின் அந்த வருடம் முழுவதும் அந்த விழாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உறுதிமொழி சொல்லும்வரை எதுவும் முடிந்ததல்ல என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். இடையில் பொலிஸ் வழக்கு ஏதும் வந்தால் நன்னடத்தை பற்றித் திரும்பப் பார்ப்பார்கள், விழா தள்ளிப் போகலாம், அனுமதியே கையை விட்டுப் போகலாம். அண்ணா அன்றிலிருந்து மஞ்சள் விளக்குக்கே பஸ்ஸை நிற்பாட்டத் தொடங்கினார்.

4.

கனடாவிலிருந்து யார் வந்தாலும் அவருடைய பெட்டியில் பாதி மற்றவர்களுடையது. இது எங்கள் ஆட்களின் வழக்கம். யாரும் யாரிடமும் உள்ளே என்ன என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. மெல்பேர்னின் கிளென் வேவர்லியில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த தம்பதி எங்களுக்கும் ஒரு பை கொண்டுவந்தார்கள். அங்கே இருக்கும் எங்கள் சின்னம்மா மச்சாளுக்கு அனுப்பிய சேலை, யாழினிக்கு ஒரு குளிர்ச்சட்டை, சின்னம்மாவின் மகன் ரமணன் அண்ணாவுக்கு அனுப்பிய ஓட்டக் காலுறை ஒரு சோடி.

காலுறைக்குள் ஒரு போத்தல் இருந்தது. அது எனக்குத் தெரியாது.

ரமணனும் ஓடுகிறவர். அங்கே இந்த எண்ணெய் கடையில் பகிரங்கமாக விற்கிறது, வயது காட்டினால் போதும். அண்ணாவுக்கும் முழங்கால் நோ, அவருக்கும் நித்திரை இல்லை. என்னுடைய எண்ணெயை அவர் ஒருமுறை கேட்டார். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவர் எடுக்கக் கூடாது, நீங்களும் மருத்துவரைக் கேளுங்கோ என்றேன். குசினியில் வைத்து, சிபிடியால் வெறி வராது, பொலிஸ் பரிசோதனையில் அதைத் தேடுவதில்லை என்று விளங்கப்படுத்தினேன். டிஎச்சி பற்றியும் சொன்னேன். அண்ணா சிபிடி என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மருத்துவரிடம் போகவில்லை. குடியுரிமைக் காலத்தில் கஞ்சா என்று ஒரு மருத்துவக் கோப்பில் தன் பெயர் ஏறக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அதனால் ரமணனைக் கேட்டிருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சாமி விளக்குக்கு நல்லெண்ணெய் எடுக்கக் குசினி அலுமாரியைத் திறந்தேன். மிளகாய்த்தூள் டின்னுக்குப் பின்னால் துளி விடும் மூடியோடு ஒரு மண்ணிறப் போத்தல் நின்றது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் சிபிடி. பின்பக்கத்தில், கடைசி வரியில், இருபதுக்கு ஒன்று என்ற அளவில் டிஎச்சி.

"மச்சாள், இது ஆற்ற?"

"அது அவற்ற எண்ணெய். ரமணன் அனுப்பினது." மச்சாள் யாழினியின் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"முழங்காலுக்குப் பூசுறவரோ?"

"இல்லை, உம்மைப் போல நாக்குக்குக் கீழதான் விடுறவர். இரவிலயும், காலமை ஓடப் போகேக்கையும்."

"இண்டைக்கும்?"

"இப்ப விட்டிட்டுத்தான் போனவர்." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஏன், உம்மட எண்ணெய்தானே அது?"

யாழினி பாலில் ஊறிய தானியத்தை விட்டுவிட்டு, அப்பா ஏதும் சிக்கலில் மாட்டிவிட்டாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் கைபேசியைத் தேடினேன்.

5.

இந்த மாநிலத்தில் வாகனம் ஓட்டுகிறவரின் எச்சிலில் டிஎச்சி இருந்தாலே குற்றம். அளவு முக்கியமில்லை, வெறி இருந்ததா என்பதும் முக்கியமில்லை. பொலிஸ் ஒரு குச்சியை நாக்கில் தேய்க்கச் சொல்லும். நாக்குக்குக் கீழே எண்ணெய் விட்ட ஒருவர் அதே காலையில் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். அங்கே பஸ்ஸின் சாரதி இருக்கையில் ஏறி இருக்கப் போகிறார்.

அண்ணா காரை ஆற்றங்கரைத் தரிப்பிடத்தில் விட்டு ஓடுவார், அங்கேயே உடை மாற்றி, அப்படியே பஸ் டிப்போவுக்குப் போவார். ஓடும்போது கைபேசி காருக்குள் கிடக்கும். எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் இருப்பது அந்த ஒரு கார்தான். வாடகைக் காருக்கான செயலி, ஓடினால் அதற்குமுன் போய்விடலாம் என்பது போல ஒரு நேரத்தைக் காட்டியது.

ஓடினேன்.

எங்கள் குடியிருப்பு புதியது. மரங்கள் இன்னும் கம்புகளில் கட்டிக் கிடக்கின்றன, வீடுகள் ஒன்றைப் போல ஒன்று. அவற்றுக்கு நடுவே வீட்டுச் சட்டையோடு ஓடினேன். காலில் மட்டும் ஓட்டச் சப்பாத்து. முதலில் ஒன்றும் தோன்றவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். கார் எடுக்க வேண்டாம். வேலைக்கு அறிவி. போத்தலைக் கொட்டு. முழங்கால் குத்தியது. அதையும் ஒரு செய்தியாகத்தான் கேட்டேன்.

பெரிய வீதிச் சுற்றுவட்டத்தில் பொலிஸ் நின்றது. செம்மஞ்சள் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் பரிசோதனை வண்டி. டிப்போவுக்குப் போகும் பக்கம். அண்ணா தினமும் போகும் பக்கம்.

அப்போது என் வயிறு கலங்கியது. போட்டி நாள்களில் வரும் அதே கலக்கம், எண்ணெய் எடுக்கத் தொடங்கியதும் நின்றுபோனது. அதன் பிறகு நான் எப்படி ஓடினேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

6.

தரிப்பிடத்தில் எங்கள் கார் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. பின் விளக்கு எரிந்தது. ஓடிப்போய்ப் பின்கதவில் இரண்டு கையாலும் அடித்தேன்.

அண்ணா இறங்கினார். வேலைச் சட்டை போட்டிருந்தார், தலை இன்னும் ஈரம். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"அப்பாவோ?" என்றார்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது விளங்கும். காலையில் ஒருவர் இப்படி வந்து நின்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு வரவில்லை. குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இரைத்தேன்.

அண்ணா தரிப்பிடத்தின் சீமெந்து விளிம்பில் இருந்துவிட்டார். விழவில்லை, மெதுவாக இருந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். குரல் சாதாரணமாக இருந்தது. நேரம் கேட்பதற்கு எப்போதோ பழகி வைத்திருந்த குரல்.

"அப்பாவுக்கு ஒண்டுமில்லை" என்றேன். "அப்பா சுகமா இருக்கிறார். எண்ணெய்."

"எண்ணெயோ?"

"ரமணன் அண்ணா அனுப்பின எண்ணெய்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலை குனிந்து கையால் முகத்தை மேலிருந்து கீழே ஒருமுறை துடைத்தார்.

"விசரி" என்றார். "ஒரு எண்ணெய்க்கே இப்பிடி ஓடி வந்தனீ?"

சொன்னேன். வரிசையாகத்தான் சொன்னேன், ஆனால் வரிசை குழம்பியிருந்தது. அது சிபிடிதானே, நீதானே பிரச்சினை இல்லையெண்டு சொன்னனீ என்றார். பின்பக்கத்து வரியைச் சொன்னேன். இருபதில் ஒரு பங்குதானே என்றார். அந்த ஒரு பங்கு பொலிசின் குச்சிக்குக் காணும் என்றேன். சுற்றுவட்டத்தில் நிற்கிறார்கள் என்றதும் அவர் எழும்பிப் போய்க் காரின் இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்து என் கையில் தந்தார். சாவி தன்னிடம் இருப்பதே குற்றம் என்பது போல.

டிப்போவுக்கு எடுத்துச் சுகமில்லை என்றார். அங்கே வேலை தொடங்கிய பிறகு அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. மறுபக்கத்தில் இருந்தவர் நம்பாமல் பகிடி விட்டது எனக்கும் கேட்டது.

7.

காரை நானும் எடுக்கவில்லை. இந்த நிலையில் என்னாலும் ஓட்ட முடியாது என்றேன். நடந்தே வீட்டுக்குப் போனோம், அவர் வேலைச் சட்டையோடும் நான் வீட்டுச் சட்டையோடும்.

"எத்தினை நாள் நிக்கும் உடம்பில?"

"தெரியாது. ஆளாளுக்கு வித்தியாசம்."

"நீ கெமிஸ்ட்ரி படிச்சனீ."

"படிச்சபடியாத்தான் தெரியாதெண்டு சொல்லுறன்."

சுற்றுவட்டத்தில் கார்கள் வரிசையில் நின்றன. ஒரு பொலிஸ்காரி சாரதி ஒருவரிடம் குச்சியை நீட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, நடக்க நல்ல காலை என்றார். அண்ணா ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டார். கூம்புகளைத் தாண்டி நடந்தோம்.

"உந்த எண்ணெய் நல்லாத்தான் இருந்தது" என்றார் பிறகு. "நித்திரை வந்தது. ஓடேக்க அம்மாவைப் பற்றி யோசிக்கேல்லை."

"வேகம்?"

"அதே வேகந்தான்." ஒரு வீடு தாண்டிய பிறகு கேட்டார்: "நீ என்ன வேகத்தில வந்தனீ? உன்ர வழமையான ஓட்டமெண்டால் நான் போயிருப்பன்."

கையைப் பார்த்தேன். கைக்கடிகாரம் வீட்டில், மின்னேற்றியில். ஓடத் தொடங்கிய நாளிலிருந்து என்னுடைய ஒவ்வொரு ஓட்டமும் அதில் பதிவாகியிருக்கிறது, தூரம், வேகம், இதயத் துடிப்பு எல்லாம். அந்தக் காலை மட்டும் இல்லை.

வீட்டில் மச்சாள் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எண்ணெய்தானே, வீணாக்காமல் விளக்குக்கு விடுவமோ என்று கேட்டார். அண்ணா அன்று முதல்முறையாகச் சிரித்தார். நான் அதைப் பூனைகளின் கழிப்புக்கு விற்கும், எண்ணெய் உறிஞ்சும் மணலில் ஊற்றிக் கட்டிக் குப்பையில் போட்டேன். எவ்வளவு டிஎச்சி உண்மையில் இருந்தது என்று ஆய்வுகூடத்தில் பார்க்க எனக்கு விருப்பம் இருந்தது. அது அனுமதி இல்லாத காரியம். பார்க்கவில்லை.

அடுத்த கிழமை முழுவதும் அவர் விடுமுறை எடுத்துக்கொண்டு வாகனம் எதையும் தொடவில்லை. யாழினி பள்ளிக்கூடத்துக்கு அவரோடு நடந்து போனாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் பேசினாள், நான் தமிழில் பேசினேன், பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்றார். இரவில் அவருக்குத் திரும்ப நித்திரை இல்லாமல் போனது. குசினியில் கதிரை இழுபடும் சத்தம் எனக்குக் கேட்கும். பிறகு மருத்துவரிடம் போனார். மருத்துவர் எண்ணெய் எழுதவில்லை. நித்திரைக்கு வேறு வழிகள் சொன்னார், முழங்காலுக்கு உடற்பயிற்சி சொன்னார். ஒக்டோபரில் அரை மரதன் ஓடினார். முன்னைய வருடத்து வேகம்தான்.

8.

விழா நடந்தது. நகரசபையில் உறுதிமொழி சொல்லிக் கையில் ஒரு சின்ன உள்நாட்டு மரக்கன்றை வாங்கிக்கொண்டு அண்ணா மேடையிலிருந்து இறங்கினார். படம் எடுக்கும்போது கன்றை ஒரு குழந்தையைப் போலப் பிடித்திருந்தார். யாழினி அதைச் சொல்லிச் சிரித்தாள். அன்று எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கை தட்டினேன்.

இப்போது அவர் ஊரில் இருக்கிறார். போன கிழமை ஞாயிறு கைபேசியில் அப்பாவின் முழு முகமும் தெரிந்தது, பிடித்திருந்தது அண்ணாவின் கை. விடியக் காலையில் பருத்தித்துறை வீதியில் ஓடினாராம். நாலு நாய் கலைத்ததாம். இவ்வளவு வேகமாக வாழ்க்கையில் ஓடியதில்லை என்றார்.

அதற்கு மறுநாள்தான் சிட்னி மருத்துவரின் அழைப்பு. நித்திரை நல்லம் என்றேன். வலி அப்படியே. பசி உண்டு. மனநிலை எப்படி என்றார். அப்படியே என்றேன். பதற்றம் என்றார்.

வழமையாக இல்லை என்பேன். சென்ற முறை அவர் கேட்டபோதும், அதற்கு முந்திய முறையும் அந்தக் காலையைச் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது சொன்னேன். அண்ணா, போத்தல், பொலிஸ் கூம்புகள், சீமெந்து விளிம்பு. ஒரு நாள், கொஞ்ச நேரம், நன்றாகப் பயந்தேன் என்றேன். அம்மாவுக்குப் பிறகு இன்னொருவருக்காக எனக்கு அப்படி வந்தது அதுதான் முதல் தடவை என்றும் சொன்னேன்.

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அப்படியானால் எண்ணெயின் அளவைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போமா என்று கேட்டார். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் கேட்டார்.

வேண்டாம் என்றேன். குறைக்க முடியுமா என்று கேட்டேன்.